நாற்பத்தோராம் மண்

காந்தம் கைநழுவிக் கீழே விழுந்தது. காலை ஒன்பதேகால் மணிக்குத் திசையன்விளையில் நடந்தது அவ்வளவுதான், தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. பழைய ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அது, உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை, பார்த்தால் கரிந்துபோன உளுந்தவடை. இருபத்திரண்டு வருஷமாகத் தவசிமுத்துவின் சட்டைப்பையில் குடியிருந்தது. ஒரு தடவை வள்ளியூர் பஸ்ஸில் கண்டக்டர் பையிலிருந்த சில்லறை முழுவதையும் அது தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டது என்றும், பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஊர் வந்து சேர்ந்தது என்றும் அவர் சொல்வதுண்டு. அப்பேர்ப்பட்ட காந்தம் ஜெபசிங்கின் கிரில் பட்டறைத் தரையில் விழுந்து உருண்டு வெல்டிங் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தது. பட்டறை வேறெங்கோ இல்லை, அவர் வீட்டின் கீழ்த்தளம்தான். மாடியில் அவரும் அவர் மனைவி தங்கபுஷ்பமும், கீழே வாடகைக்கு ஜெபசிங். பத்து மணிக்கு வண்டி வரும். பதினோரு மணிக்கு நாகர்கோவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் தவசிமுத்து பேசுகிறார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மைக் வைத்து, மேடை போட்டு, பேராசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க. தலைப்பு, ‘பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வானம் எரிந்த நாள்’. சாட்சியாக ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குள் மிளகைவிடச் சின்னதாய், கடுகைவிடச் சின்னதாய், கசகசாவைவிடவும் சின்னதாய்க் கறுப்பு மணிகள், அன்றைக்கு வானத்திலிருந்து உருகி விழுந்தவை என்று அவர் சொல்லுபவை, ஆயிரக்கணக்கில். பாட்டிலை மேஜையில் அப்படியே வைத்தால் மதிப்பாக இருக்காது என்று முக்காலி மாதிரி ஒரு ஸ்டாண்டு கேட்டிருந்தார். ஜெபசிங் இரண்டு காலைப் பற்றவைத்து முடித்து மூன்றாம் காலுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தபோதுதான், வெறுமனே உட்கார்ந்திருக்கக் கை கேட்காமல் அவர் காந்தத்தை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டியிருக்க வேண்டாம்.

குனிந்து எடுத்தார், முட்டி இரண்டும் முறுக்குப் போல் நொறுங்கிச் சத்தம் கொடுத்தன. இரும்புத் துகள் ஒட்டிக் காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது. மண்ணில் போட்டால் முளைக்கும் தாடிதான், அறுபத்துமூன்று ஊர் மண்ணிலும் அவர் பார்த்த தாடிதான், ஆனால் பழக்கம் விடாது, தாடியைக் கண்டால் லென்ஸை எடுக்க வேண்டும், இடது கண்ணைச் சுருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும். பிடித்தார். உருண்டை. ஒன்று, இரண்டு, பத்து, அடேயப்பா, அச்சில் வார்த்த மாதிரி உருண்டை உருண்டையாக, பளபளவென்று, சிலதில் ஊசி குத்தின மாதிரி சின்னக் குழி, சிலதுக்குக் கண்ணீர்த்துளி போல ஒரு வால். அவருடைய மணிகள். அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க முடியாது, இங்கேயுமா என்றுதான் நெஞ்சு துள்ளியது, என் வீட்டு அஸ்திவாரத்திலேயா, இத்தனை ஊர் அலைந்தேனே, வானம் என் காலடியிலேயே விழுந்து கிடந்திருக்கிறதே, பேச்சில் இதையும் சேர்க்க வேண்டும், “இன்று காலை புறப்படும் முன்” என்று ஆரம்பித்தால் சபை அதிரும், என்று மனம் மேடை வரைக்கும் ஓடிப் போய் மாலையும் வாங்கிக்கொண்டது. “ஜெபசிங்கு, இங்க பாரு, இங்கயும் விழுந்திருக்குப்பா!” என்றார். ஜெபசிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து, லென்ஸெல்லாம் வாங்காமல், வெறுங்கண்ணால் ஒரு பார்வை பார்த்தான். “அது நம்ம பொறில்லா அண்ணாச்சி” என்றான். “பத்த வைக்கும்போது தெறிக்குதுல்லா, அது ஆறுனா இப்படித்தான் உருண்டுக்கிடும். கிரைண்டர் புடிச்சா இன்னும் நைசா வரும். தொட்டுட்டுக் கண்ணைக் கசக்கிராதீங்க.” சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் காலை வைத்து, முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடிக் கவசத்தைப் பிடித்து, “அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க” என்றான். தவசிமுத்து திரும்பவில்லை.

பொறி என்றான். நம்ம பொறி. நம்ம என்றால் யாருடையது, அவனுடையதா, என்னுடையதா, இல்லை, அது இல்லை இப்போது முக்கியம், ஜெபசிங்குக்கு என்ன தெரியும், எட்டாம் வகுப்பு, அவனுக்கு வானத்து இரும்பில் இருக்கிற நிக்கல் தெரியுமா, கோபால்ட்டு தெரியுமா, எனக்கும் தெரியாது, ஆனால் அந்த வார்த்தைகளாவது தெரியும். தவசிமுத்துவின் காது இரண்டும் யாரோ பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஆனது. வெல்டிங்கின் கரகரச் சத்தம் தூரத்தில், பக்கத்து ஊரில், கேட்டது. காலையில் குடித்த காப்பியின் கசப்பு இப்போதுதான் தெரிந்தது, தங்கபுஷ்பம் சீனி போட மறந்திருக்கிறாள், இல்லை, எனக்குத்தான் சீனி கிடையாது, டாக்டர் நிறுத்தி ஆறு வருஷமாகிறது. என்ன யோசித்துக்கொண்டிருந்தேன். பொறி. இரும்பு உருகினால் உருளும், சரி, வானத்திலிருந்து வந்த இரும்பும் உருகித்தானே உருண்டது, ஆக இரண்டும் உருண்டைதான், இதற்குப் போய் ஏன் பயப்பட வேண்டும், அது வேறு இது வேறு, அது மாடி, இது கீழே. மாடி. அந்த வார்த்தையில் அவர் மனம் போய் வேட்டி முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. மண் எல்லாவற்றையும் எங்கே காயப்போட்டோம். மாடியில். எந்த ஊர் மண்ணை. எல்லா ஊர் மண்ணையும்.

வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அவரே தன்னைத் தடுத்தார். முப்பத்தோரு வருஷம் பால் சொசைட்டியில் பால் பரிசோதகராக இருந்தவர் அவர். லாக்டோமீட்டரைப் பாலில் விடுவதற்கு முன்னால், கொண்டுவந்தவனின் கண்ணைப் பார்த்தே இதில் எத்தனை டம்ளர் தண்ணீர் என்று சொல்லிவிடுவார், அரை டம்ளர் பிசகாது, ஒரு தடவை மாட்டின் கண்ணைப் பார்த்தே சொன்னார். கலப்படம் என்ற சொல்லை அவர் கோர்ட்டு ஜட்ஜு தூக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார். தண்ணீர் ஊற்றியவன் முதலில் சிரிப்பான், அப்புறம் பிள்ளை மேல் சத்தியம் பண்ணுவான், அப்புறம் மழை என்பான், மாடு குளத்தில் இறங்கி நின்றது என்பான், அப்புறம் கோபப்படுவான், கடைசியில்தான் தலையைக் குனிவான். இந்த ஐந்து படியையும் அவர் ஆயிரம் முகத்தில் பார்த்திருக்கிறார். இப்போது அவரே சிரித்துப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன, சத்தியமா.

இந்த வழிக்கு அவரைக் கொண்டுவந்ததே பால்தான். வால்நட்சத்திரம் தெரிந்த அந்தப் பங்குனி மாதத்தில் ஒரு விடிகாலை, ஒன்பது ஊரிலிருந்து வந்த கேன் அத்தனையும் ஒரே நேரத்தில் திரிந்து நின்றது, ஒன்பது ஊர் மாடும் ஒரே திசையைப் பார்த்து நின்றன என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் ‘வானம்’ என்று எழுதினார். மேலதிகாரி மெமோ கொடுத்தார். மெமோ கொடுத்தால் அடங்குகிற ஆளா, பதில் எழுத விவரம் தேடி நெல்லைக்குப் போனவர், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே பிளாட்பாரத்தில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். முதல் முப்பது பக்கம் கிடையாது, எழுதியவன் பேர் கிடையாது, முடிவும் கிடையாது. நடுவிலிருந்து நடுவரைக்கும் இருந்தது. அதில் நட்சத்திரங்கள் வழி தவறி வந்தன, கடல் எழுந்து நின்றது, ஒரே பகலில் உலகம் முழுக்க நெருப்பு மழை பெய்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு வருஷம் படித்தார். இல்லாத முப்பது பக்கத்தையும் அவரே யோசித்து நிரப்பினார், சொல்லப்போனால் அந்தப் பக்கங்கள்தான் அவருக்கு மனப்பாடம். ஊருக்குக் கிழக்கே தேரிக்காடு கிடக்கிறது, மைல் கணக்கில் ரத்தச் சிவப்பு மணல், சுற்றிலும் வெள்ளை மணலும் கரிசலும் இருக்க அது மட்டும் ஏன் சிவப்பு என்று யாராவது கேட்டார்களா, அவர் கேட்டார். எரிந்த மண் அது என்றார். முதல் மண்ணைத் தேரியில் ஆறடிக் குழி தோண்டி எடுத்தார், சாக்கில் சுமந்தார், மாடியில் பாய் விரித்து மூன்று நாள் காயப்போட்டார், மூன்றாம் நாள் காந்தத்தை விட்டார், லென்ஸில் பார்த்தார், உருண்டை. அன்றைக்குத் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்து போயிற்று. அது எந்த வருஷம். ஜெபசிங் பட்டறை பிரதிஷ்டை பண்ணின வருஷம். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி எல்லாருக்கும் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள், மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தவசிமுத்து அவரிடம் தேரியில் குழி தோண்டப்போவதைச் சொன்னார். ஆக முதலில் பட்டறை, பிறகு மணி. மிக்சர் தட்டு அவருக்கு இப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, ஓமப்பொடி, நிலக்கடலை, கறிவேப்பிலை.

மழை, சத்தியத்தைத் தாண்டி மூன்றாம் படிக்குப் போனார், மழைநீர் அடித்துக்கொண்டு வந்திருக்கும். இல்லை. காற்று, ஆம், காற்று. “ஜெபசிங்கு” என்று கூப்பிட்டார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. “இந்தத் தூசி... மாடி வரைக்கும் போகுமா?” ஜெபசிங் கவசத்தை இறக்கினான். “போகாம? நான் பாதி வேலை வாசல்ல போட்டுத்தான பத்த வைக்கேன். சாயங்காலம் கடக்காத்து எழும்பிச்சுன்னா எல்லாத்தையும் வாரிக்கிட்டு மேலதான் போவும். மதினி அப்பமே வந்து சண்ட போட்டுச்சே, ஞாபகம் இல்லையா? கூழ்வத்தல்ல நறநறன்னு கடிபடுதுன்னு. அதுக்குப் பொறவுதான் வத்தலைத் தூக்கிட்டு அவுக தங்கச்சி வீட்டு மாடிக்குப் போயிருச்சு.” ஞாபகம் இருந்தது. இருந்தது என்றால், வேறு மாதிரி இருந்தது. தங்கபுஷ்பம் ஒரு நாள் வத்தல் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள், அவர் மனம் நெகிழ்ந்து போனார், என் மனைவி ஆராய்ச்சிக்காக மாடியையே விட்டுக்கொடுத்தவள் என்று எத்தனை பேரிடம் சொன்னார். இன்றைய பேச்சிலும் முதல் பத்தியில் அது இருக்கிறது, நன்றி சொல்லுகிற இடத்தில். வத்தலுக்குத் தெரிந்தது. ஒரு கூழ்வத்தலுக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை.

மனம் இப்போது பிடி விட்டுப் போயிற்று, சரிவில் விட்ட சைக்கிள் போல ஓடியது. குவைத்திலிருந்து தங்கை மகன் கொண்டுவந்த பாலைவன மண், இருநூற்று முப்பது மணி. காசி மண், நூற்றெழுபது. அந்தமான் மண், நூற்றைம்பத்தைந்து. பாஸ்டர் புனிதப் பயணம் போய் எருசலேமிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலில் கொண்டுவந்த மண், கைப்பிடியளவு, அதில் மட்டும் எண்ணூறு, அதை எண்ணி முடிக்க நாலு நாளாயிற்று. எல்லா ஊரிலும் மணி. இதைவிட என்ன சாட்சி வேண்டும், உலகம் முழுக்க, ஒரே நாளில், ஒரே நெருப்பு! மணி அதிகமான இடம் எருசலேம், ஆகவே வால்நட்சத்திரம் தலை குத்தி விழுந்த இடம் அதன் பக்கம் என்று உலகப் படத்தில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார். பாஸ்டர் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்கூடச் சொன்னார். எருசலேம் மண் காய்ந்தது எப்போது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம் ஜெபசிங் என்ன செய்துகொண்டிருந்தான். பாஸ்டரின் கோயிலுக்குப் பெரிய கேட்டு. பத்தடி உயரம், இரண்டு பக்கமும் சிறகு விரித்த தேவதூதர், நாலு வாரம் வாசலில் போட்டு இரவும் பகலும் பற்றவைத்தான். கேட்டின் பொறி எருசலேமில் விழுந்தது. அவர் போட்ட வட்டமெல்லாம் வால்நட்சத்திரம் விழுந்த இடத்தைக் காட்டவில்லை, ஜெபசிங்குக்கு வேலை எப்போது அதிகம், எப்போது குறைவு என்பதைக் காட்டியது. வானம் எரிந்த நாள். இந்தா எரிகிறது. மூன்று முழத்துக்கு அப்பால், ஒரு கைப்பிடி அளவில், நீல வெள்ளையாக, பார்க்கக் கூடாத வெளிச்சம், அதிலிருந்து பொறிகள் வால் வைத்துத் தெறித்து விழுந்து, சிவந்து, மங்கி, கறுத்து, உருண்டு. இருபத்திரண்டு வருஷம் கண்ணை மூடினால் அவர் பார்த்த காட்சி, கடலுக்கு மேலே, மலைகளுக்கு மேலே, அண்ணாந்து பார்த்து அலறும் கூட்டத்துக்கு மேலே அவர் பார்த்த அதே காட்சி, அப்படியே, பிசகாமல். ஜெபசிங் ஸ்டாண்டின் காலை நிமிர்த்திப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினான், வெந்த மேலோடு உதிர்ந்தது. அவனுடைய கவசத்தின் கறுப்புக் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பியபோது அதில் ஒரு கிழவன் தெரிந்தான். அந்தக் கண்ணைத் தவசிமுத்துவுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியவன் கண்.

சத்தியமாக நான் ஊற்றவில்லை. இது இரண்டாம் படி, பின்னால் போகிறேனா. அவர் வேண்டுமென்று செய்யவில்லையே, காந்தத்தைக் கழுவினார், சல்லடையைக் கழுவினார், கையில் உறை போட்டார், மண்ணைப் பொட்டலம் பொட்டலமாக நம்பர் போட்டு வைத்தார், ஒன்றிலிருந்து அறுபத்துமூன்று வரை, அத்தனையிலும் மணி. அத்தனையிலுமா. இந்த இடத்தில்தான் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, இறைக்காத கிணற்றில் விழுந்த வாளி மாதிரி, அடிவரைக்கும் போய் மோதியது. நாற்பத்தொன்று. அதை அவர் நினைப்பதேயில்லை, அறுபத்துமூன்று மண் என்றுதான் சொல்வார், அறுபத்திரண்டைத்தான் காட்டுவார். நாற்பத்தொன்று லடாக் மண், சிந்து நதிக்கரையில் பட்டாளத்துக்காரர் ஒருவர் நாலு கிலோ அள்ளி, விடுமுறைக்கு வரும்போது டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தது. பன்னிரண்டாயிரம் அடி உயரம், உலகத்தின் கூரை, அங்கே மட்டும் மணி கிடைத்துவிட்டால் மறுத்துப் பேச ஆளே கிடையாது. ஐப்பசி மாதம், அடைமழை, மாடியில் தண்ணீர் நின்றது. அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் தங்கபுஷ்பம் அந்த ஈரமண்ணைச் சுமந்துகொண்டு போய்த் தங்கை வீட்டு மாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே, வத்தல் காய்கிற இடத்தில், வத்தலை ஒதுக்கிவிட்டுக் காயப்போட்டு, அள்ளி, மூட்டை கட்டி, கொண்டுவந்து வைத்தாள். அவர் ஆசையாகக் காந்தத்தை விட்டார். ஒன்றும் இல்லை. தாடி இருந்தது, கறுப்புத் துகள் இருந்தது, எல்லாம் உடைந்த கல், கோணல்மாணல், உருண்டை ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் தேடினார். நாலாம் நாள், பட்டாளத்துக்காரர் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, அவருக்கு முன்னால் தங்கபுஷ்பத்தைப் பார்த்து, “மண்ண என்னட்டி பண்ணுன? கழுவுனியா? கொட்டிட்டு ஆத்துமண்ண அள்ளிட்டு வந்துட்டியா? கலப்படம் பண்ணிட்டியே!” என்றார். அந்தச் சொல்லை. அவள் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்களேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் பதினோரு நாள் பேசவில்லை. சோறு போட்டாள், மோர் ஊற்றினாள், பேசவில்லை. அவர் மண்ணைக் கொல்லையில் கொட்டினார். நோட்டில், 41, லடாக், என்பதற்கு நேரே, ‘வீட்டாரால் கெட்டது’ என்று சிவப்பு மையில் எழுதினார். பதினாலு வருஷமாக அந்த வரி அங்கே இருக்கிறது, அவள் அந்த நோட்டைத் தினமும் தூசி தட்டி வைக்கிறாள்.

அவர் கொண்டுவந்த அறுபத்துமூன்று பாலில் தண்ணீர் கலக்காத பால் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் கொல்லையில் கொட்டினார், கொண்டுவந்தவளைத்தான் கலப்படக்காரி என்றார். தவசிமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்தார், எழுந்தாரா, கால் எழுந்தது, அவர் பின்னால் போனார். “அண்ணாச்சி, கால் வச்சாச்சு, ஆறட்டும், தொட்டுராதீங்க, கை பொத்துப் போவும்” என்றான் ஜெபசிங். யாரும் தொடவில்லை. மாடிப்படி பதினேழு, இன்றைக்கு முப்பத்துநாலு இருந்தது. சொல்ல வேண்டாம், என்றது ஒரு மனம், நாகர்கோவிலில் யாருக்குத் தெரியப்போகிறது ஜெபசிங்கை, பாட்டிலை வை, வட்டப் படத்தை மாட்டு, கைதட்டை வாங்கு, எழுபத்திரண்டு வயதாகிறது, இன்னும் எத்தனை மேடை வரப்போகிறது உனக்கு. பன்னிரண்டாம் படியில் அந்த மனம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. முன்வரிசையில் பேராசிரியர் ஒருவர் லென்ஸ் எடுப்பார், என்றது இன்னொரு மனம். எடுக்கமாட்டார், எடுத்தாலும் உருண்டைதானே தெரியும், என்றது முதல் மனம். பால்காரன் ஒருத்தன், பேர்கூட ஞாபகம் இருக்கிறது, ஐந்தாவது படி வரைக்கும் வராமலே செத்துப் போனான், கடைசிவரை மாடு குளத்தில் நின்றது என்றே சொன்னான், மாடு நின்றது, மாடு நின்றது. அவனைப் போலத்தான் போகப்போகிறேனா.

தங்கபுஷ்பம் அடுப்பங்கரையில் நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். வழியில் தின்பதற்கு. கொல்லைப்பக்கத்து ஜன்னல், இரும்புச் சட்டி, சட்டிக்குள் கறுத்த மணல், மணலுக்குள் கடலை புரண்டு புரண்டு வெடித்துக்கொண்டிருந்தது, வாசனை அறை முழுக்க நின்றது. “ஸ்டாண்டு ஆயிருச்சா? சட்டைய மாத்துங்க, காலர்ல அழுக்கு” என்றாள், திரும்பாமல். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் அன்றைக்கு நின்ற அதே இடம் என்று பிடித்த பிறகுதான் தெரிந்தது.  “லடாக் மண்ணு...” என்றார். “அத நான் கொல்லையில கொட்டுனேம்லா.” அவள் கரண்டியை நிறுத்தினாள். “ஆமா. கொட்டுனீங்க.” “மழையில போயிருக்கும்.” “என்னத்துக்குப் போவுது? அவ்வளவு தூரத்துலருந்து ஒரு மனுசன் சொமந்துட்டு வந்த மண்ணு. நல்ல மண்ணு, கல்லு இல்ல, தூசி இல்ல. அன்னிக்கு ராத்திரியே வாரிட்டேன்.” கரண்டியால் சட்டியைத் தட்டிக் காட்டினாள். “இந்தா, இதுலதான பதினாலு வருசமா உங்களுக்குக் கடலை வறுக்கேன். மிச்சம் டப்பாவுல கிடக்கு.”

உலகத்தின் கூரையை அவர் பதினாலு வருஷமாகத் தின்றிருக்கிறார். மழை நாளில், தேர்தல் நாளில், கிரிக்கெட் பார்க்கும்போது, உருண்டை மணிகளை எண்ணும்போது, தட்டில் கடலை, கடலையில் ஒட்டின இரண்டு பருக்கை மணலை ஊதிவிட்டுத் தின்றிருக்கிறார். அவர் அலமாரியிலிருந்து இறுக்கமான மூடி போட்ட பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார், மூடி திறக்க வரவில்லை, அவள் வாங்கி ஒரு திருகில் திறந்தாள். காந்தத்தைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். விட்டார். வெளியே எடுத்தார். தாடி. லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோது அவர் வேண்டிக்கொண்டது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. ஒரே ஒரு உருண்டை, ஒன்று போதும், இருந்துவிட்டால் வானம் பிழைத்துவிடும். இல்லாமலிருந்தால் அவள் பிழைப்பாள். உடைந்த கருப்பட்டித் தூள் மாதிரி கோணல் துகள், கூர்மை கூர்மையாக, முக்கு முக்காக, ஒன்று, பத்து, நூறு. மறுபடி விட்டார். மறுபடி. கடைசி வரைக்கும் கோணல்தான். மேஜையில் நோட்டைத் திறந்தார், 41ஐத் தேடினார், சிவப்பு வரியை ஒரே கோட்டில் அடித்தார், அடித்த வேகத்தில் கோடு 40ஐயும் தொட்டுவிட்டது. கீழே எழுதினார்: ஒன்றும் இல்லை. அவள் கடலையைச் சல்லடையில் சலித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள், எழுத்துக் கூட்டி வாசித்தாள், வாசித்துவிட்டுச் சல்லடையை ஒரு தடவை கூடுதலாகக் குலுக்கினாள். “கீழ பட்டறைத் தூசிட்டி” என்றார். “எல்லாம். அறுபத்திரண்டும். நீ காயப்போட்டது மட்டுந்தான் மண்ணு.” அவள் சலித்த கடலையைத் தட்டில் கொட்டினாள். பதினோரு நாள் மாதிரி ஆகிவிடுமோ என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். “கலப்படம்னீங்க” என்றாள். “ஆமா.” “பட்டாளத்துக்காரர் முன்னால.” “ஆமா.” “அவர் இப்பம் திருநெல்வேலியில இருக்காரு. பெருமாள்புரத்துல. வீடு எனக்குத் தெரியும். கூட்டம் முடிஞ்சதும் சாயங்காலம் அப்படியே அங்க போயிட்டு வருவோம்.” வருவோம் என்றாள். அவள் இதுவரை அவருடைய ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. உள்ளே போய் நல்ல சேலையை எடுக்கிற பீரோச் சத்தம் கேட்டது.

வாசலில் வண்டி ஆரன் அடித்தது. தவசிமுத்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பாட்டில் மேஜையிலேயே இருந்தது. ஜெபசிங் ஸ்டாண்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து நிறுத்தியிருந்தான், மூன்று காலும் ஆடாமல் நின்றது. “எங்க அண்ணாச்சி பாட்டிலு? வச்சுப் பாப்போம்.” “பாட்டில் இல்லப்பா. இந்த டப்பா.” “இதுல என்ன இருக்கு?” “ஒண்ணும் இல்ல.” ஜெபசிங் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான், வண்டிக்காரரைப் பார்த்தான், டப்பாவை ஸ்டாண்டின் மேல் வைத்துப் பார்த்தான். கொள்ளவில்லை. பாட்டிலுக்கு எடுத்த அளவு. “வளையத்த வெட்டி அகட்டணும். அஞ்சு நிமிசம். வண்டிய நிக்கச் சொல்லுங்க” என்று கவசத்தை எடுத்து முகத்தில் பிடித்தான். “அண்ணாச்சி, பத்த வைக்கேன், அங்கிட்டுத் திரும்புங்க.” இந்தத் தடவை தவசிமுத்து திரும்பினார். சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி, டப்பாவை நெஞ்சோடு அணைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறமும் நம்பாமல் மேல்துண்டை எடுத்து மூடியைச் சுற்றிப் பொத்தி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வானம் எரிந்தது. நெருப்பு மழை அவர் கழுத்திலும் கையிலும் சுருக்குச் சுருக்கென்று விழுந்தது. அவர் அசையவில்லை, ஒன்றுகூட உள்ளே போய்விடக் கூடாது.